தைராய்டை அடக்கும் மருந்தும் எலிக்கு வரும் வலிப்பும்

‘தைராய்டு மருந்து கொடுத்த எலிகளுக்கு வலிப்பு வந்தது’ என்று ஒரு வரிச் செய்தி கைபேசிகளில் சுற்றும்போதெல்லாம், பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த யாராவது ஒருவர் மாத்திரைப் பட்டையோடு வந்து நிற்கிறார். மருந்தியல் கற்பிப்பவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். “நிறுத்திவிடட்டுமா, சார்?” என்பதுதான் முதல் கேள்வி. அவர்களுடைய பயம் நியாயமானது. அந்தச் செய்தி பொய்யும் இல்லை. ஆனால் அதே மருந்து வேறொரு விலங்குக்கு வலிப்பைக் குறைத்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை. இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாகும் என்பதை, உயிரியலைப் பள்ளியோடு விட்டுவிட்டவர்களுக்கும் புரியும்படி எழுத முயல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் ஊர் மருந்துக் கடைகளில் ‘தைராய்டு மாத்திரை’ என்று ஒரே பெயரில் கேட்டு வாங்கப்படுபவை இரண்டு. அவை ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. காலையில் வெறும் வயிற்றில் பெரும்பாலானோர் விழுங்குவது தைராக்சின். சுரப்பி போதுமான ஹார்மோனைத் தராதபோது வெளியிலிருந்து அந்த ஹார்மோனையே கொடுக்கிறார்கள். இன்னொன்று, சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யும்போது அதை அடக்குவதற்கான மருந்து. கார்பிமசோல், மெத்திமசோல், புரோப்பைல்தயோயூராசில் ஆகியவை இந்த வகை. கார்பிமசோல் உடலுக்குள் போனதும் மெத்திமசோலாக மாறித்தான் வேலை செய்கிறது. எலிச் செய்தியில் வருவது இந்த இரண்டாவது வகை. என்னிடம் பயந்து வந்தவர்களில் பலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது முதல் வகை. அவர்களுக்கு அந்தச் செய்தியோடு சம்பந்தமே இல்லை.

அடக்கும் மருந்து என்ன செய்கிறது? கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி, உணவிலிருந்து வரும் அயோடினைப் பிடித்து, டைரோசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து ஹார்மோன் செய்கிறது. நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது தைராக்சின், அதாவது டி4. அதிலிருந்து ஓர் அணு கழன்றால் டி3. செல்களுக்குள் முழு வீச்சில் வேலை செய்வது டி3தான். அயோடினைக் கோக்கும் வேலையைச் செய்யும் நொதியின் பெயர் தைராய்டு பெராக்சிடேஸ். மேலே சொன்ன மூன்று மருந்துகளும் அந்த நொதியைத் தடுக்கின்றன. புரோப்பைல்தயோயூராசில் கூடுதலாக, டி4 டி3ஆக மாறுவதையும் ஓரளவு தடுக்கிறது. சுரப்பியில் ஏற்கெனவே சேர்த்து வைத்த ஹார்மோனை இவை தொடுவதில்லை. ஆகவே இருப்பு தீரும் வரை பலன் தெரியாது. மனிதருக்கு அதற்குச் சில வாரங்கள் ஆகும்.

இந்த மருந்துகளின் பிறப்பே விலங்குக் கூண்டில்தான். 1928இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வேறோர் ஆராய்ச்சிக்காக வளர்த்த முயல்களுக்கு முட்டைக்கோசையே தீவனமாகப் போட்டு வந்தார்கள். முயல்களுக்குக் கழுத்தில் கழலை வந்தது. 1940களின் தொடக்கத்தில் குடல் கிருமிகளைக் கொல்லச் சல்ஃபாகுவானிடின் கொடுத்த எலிகளுக்கும், சுவை பற்றிய ஆய்வில் ஃபீனைல்தயோயூரியா கொடுத்த எலிகளுக்கும் தைராய்டு வீங்கியது. சுரப்பி வீங்கியிருந்தும் ஹார்மோன் குறைந்திருந்தது. ஹார்மோன் குறைந்ததை உணர்ந்த பிட்யூட்டரி சுரப்பி, இன்னும் வேலை செய் என்று தைராய்டைத் தூண்டிக்கொண்டே இருந்ததால் வந்த வீக்கம் அது. இதை வைத்தே எட்வின் ஆஸ்ட்வுட் 1943இல், தைராய்டு மிகையாகச் சுரந்த நோயாளிகளுக்குத் தயோயூராசில் கொடுத்துக் குணம் கண்டதை வெளியிட்டார். இன்று எங்கள் ஊர் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர் கையிலிருக்கும் சீட்டுக்கும் அந்த முயல்களுக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

வலிப்பை எப்படி அளக்கிறார்கள்?

வலிப்பு என்பது மூளையின் நரம்பணுக்கள் பெருங்கூட்டமாக ஒரே நேரத்தில், கட்டுப்பாடின்றி மின்துடிப்பை வெளியிடுவது. எந்த மூளைக்கும் அது நேரக்கூடும். போதுமான தூண்டுதல் கிடைத்தால் நல்ல ஆரோக்கியமான மூளையும் வலிப்புக்குள் போகும். எவ்வளவு தூண்டினால் போகும் என்பதில்தான் ஒரு மூளைக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு. அந்த எல்லை தாழ்ந்திருந்தால் வலிப்பு எளிதில் வரும், உயர்ந்திருந்தால் கடினம். ஆய்வுக்கூடம் அளப்பது இந்த எல்லையை.

அளக்கப் பல வழிகள் உண்டு. காதிலோ கண்ணிலோ மின்முனை வைத்துச் சிறு மின்னோட்டம் செலுத்தி, எந்த அளவில் வலிப்பு தொடங்குகிறது என்று பார்ப்பது ஒன்று. பென்டிலின்டெட்ரசால் என்ற வேதிப்பொருளை ஊசியாகப் போட்டுப் பார்ப்பது இன்னொன்று. மூளையில் சமாதானம் செய்து வைக்கும் காபா என்ற வேதித் தூதனின் வேலையை அது தடுக்கிறது. தினமும் மிகச் சிறிய மின்தூண்டல் கொடுத்து, நாள்பட நாள்பட மூளை எப்படி எளிதில் வலிப்புக்குப் பழகுகிறது என்று பார்ப்பதும் உண்டு. நான்காவது வழி ஓசை. கூண்டுக்குள் உரத்த மணி அடிக்கும். சாதாரண எலி திடுக்கிட்டு மூலையில் ஒடுங்கும். வலிப்பு நாட்டம் உள்ள எலி வெறி கொண்டதுபோல் சுற்றிச்சுற்றி ஓடி, விழுந்து, கைகால் வெட்டி இழுத்து, விறைத்துப் போகும்.

தைராய்டு கதையில் மிகத் தெளிவான பாடம் கிடைத்தது இந்த ஓசை வழியில்தான். அதனால் அங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எலியில் ஒன்று, சுண்டெலியில் வேறொன்று

அமெரிக்காவின் டென்னசியில் லெஸ்டர் வான் மிடில்ஸ்வொர்த் என்பவர் தைராய்டு ஆராய்ச்சியாளர். கருவிலும் பிறந்த பின்னும் கடுமையான அயோடின் பற்றாக்குறையில் வளர்ந்த எலிகளுக்கு உரத்த ஓசை கேட்டதும் வலிப்பு வருவதை 1977இல் அவர் வெளியிட்டார். 1980இல் அவரும் இன்னொருவரும் அடுத்த படியை எடுத்தார்கள். பேறுகாலத்தை ஒட்டி எலிகளுக்குத் தைராய்டை அடக்கும் மருந்து கொடுத்தார்கள். இத்தகைய ஆய்வுகளில் மருந்தைத் தாய் எலியின் குடிநீரிலோ தீவனத்திலோ கலப்பதுதான் வழக்கம். நஞ்சுக்கொடி வழியாகவும் பால் வழியாகவும் அது குட்டிக்குப் போகும். அப்படி வளர்ந்த குட்டிகளுக்கும் ஓசை வலிப்பு வந்தது. உட்செவியில் ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் காக்ளியாவிலும் சேதம் தெரிந்தது.

இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால்தான் அருமை புரியும். ஒன்றில் மருந்தே இல்லை, அயோடின்தான் இல்லை. மற்றதில் மருந்து. இரண்டின் முடிவும் ஒன்றுதான். அப்படியானால் வலிப்புக்குக் காரணம் மருந்தின் நச்சுத்தன்மை என்று சொல்ல முடியாது. மூளையும் காதும் உருவாகும் நாட்களில் ஹார்மோன் இல்லாமல் போனதுதான் காரணம்.

அடுத்து, டிபிஏ/2 என்ற பெயருடைய சுண்டெலி இனம். இவற்றுக்குப் பிறவியிலேயே ஓசை வலிப்பு உண்டு. பிறந்து ஏறத்தாழ மூன்று வாரத்தில் அது உச்சத்தில் இருக்கும். வளர வளரக் குறையும். தாமஸ் செய்ஃபிரைடும் உடன் ஆய்ந்தவர்களும் 1979 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், இந்தக் குட்டிகளின் தைராய்டை அடக்கியபோது வலிப்பு நாட்டம் குறைந்தது. அதே குட்டிகளுக்குத் தைராக்சினைத் திருப்பிக் கொடுத்ததும் வலிப்பு திரும்பி வந்தது.

எலியில் வலிப்பை உண்டாக்கிய அதே ஹார்மோன் குறைவு, இந்தச் சுண்டெலியில் வலிப்பைத் தடுத்திருக்கிறது. கைபேசிச் செய்தி எழுதியவர் முதல் ஆய்வை மட்டும் பார்த்திருந்தால் ‘மருந்தால் வலிப்பு’ என்று எழுதுவார். இரண்டாவதை மட்டும் பார்த்திருந்தால் ‘வலிப்புக்குப் புது மருந்து’ என்று எழுதுவார். இரண்டுமே வாசகருக்குச் செய்யும் அநீதி.

எந்த நாளில் குறைந்தது என்பதே கேள்வி

எலிக்கும் அந்தச் சுண்டெலிக்கும் பிறவியிலேயே உள்ள வேறுபாடு ஒரு பக்கம். மறுபக்கம், ஹார்மோன் எவ்வளவு குறைந்தது என்பதைவிட, உயிரின் எந்தக் கட்டத்தில் குறைந்தது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. கார் பருவத்துக்கு ஜூன் மாதம் பாபநாசம் அணையில் தண்ணீர் திறப்பது தள்ளிப்போனால் நாற்றங்காலில் நாற்று முற்றிவிடும். அதன் பிறகு கன்னடியன் கால்வாய் கரை தொட்டு ஓடினாலும் அந்தப் போகத்தின் விளைச்சல் திரும்பாது. வளரும் மூளைக்குத் தைராய்டு ஹார்மோன் அப்படிப்பட்ட தண்ணீர்.

எலிக் குட்டி மிகவும் முதிராத மூளையோடு பிறக்கிறது. கண் மூடியிருக்கும். காதும் கேட்காது, பிறந்து ஏறத்தாழ 12 நாள் ஆன பிறகுதான் கேட்கத் தொடங்கும். அதன் தைராய்டே கர்ப்பத்தின் கடைசி வாரத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது. ஆகவே எலி பிறந்த முதல் பத்து நாளை, மனிதக் குழந்தை கருவில் கழிக்கும் கடைசி மாதங்களோடு ஒப்பிடுவார்கள். அந்த நாட்களில் ஹார்மோன் இல்லையென்றால் காக்ளியா சரியாக முதிர்வதில்லை. அங்கிருந்து வரவேண்டிய ஒலிச் செய்தி பலவீனமாக வருகிறது. வரும் செய்தி குறைவாக இருப்பதால், அதை வாங்கும் நடுமூளைப் பகுதி தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் உரத்த மணி ஒலித்தால் அங்கேயே மின்துடிப்பு கட்டுமீறிக் கிளம்புகிறது. காது மந்தமான விலங்குக்கு ஓசையால் வலிப்பு வருவது முதலில் விசித்திரமாகத் தோன்றும். இந்த வழியைத் தெரிந்துகொண்டால் அந்த விசித்திரம் நீங்கும்.

காதோடு விஷயம் முடியவில்லை. காபாவைப் பற்றி மேலே சொன்னேன். முதிர்ந்த மூளையில் அது நரம்பணுவை அமைதிப்படுத்தும். பிறந்த குட்டியின் மூளையிலோ அதே காபா பெரும்பாலும் தூண்டிவிடும், ஏனென்றால் அந்த வயதில் நரம்பணுவுக்குள் குளோரைடு அதிகம். கேசிசி2 என்ற புரதம் வந்து குளோரைடை வெளியேற்றிய பிறகுதான் காபா அமைதித் தூதனாக மாறுகிறது. தைராய்டு ஹார்மோன் குறைந்த எலிக் குட்டிகளின் செவிவழி மூளைத்தண்டிலும், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸிலும் இந்த மாற்றம் பாதிக்கப்படுவதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஹிப்போகாம்பஸில் பார்வால்புமின் என்ற புரதத்தைத் தாங்கிய, மற்ற அணுக்களை அடக்கி வைக்கும் நரம்பணுக்கள் உண்டு. கருவிலும் பாலூட்டும் காலத்திலும் ஹார்மோன் போதாமல் வளர்ந்த எலிகளில் அவற்றின் அடையாளமான அந்தப் புரதம் குறைந்ததையும், அடக்கும் திறன் தளர்ந்ததையும் 2007இல் மேரி கில்பர்ட்டும் குழுவினரும் காட்டினார்கள். அதே ஆண்டில் அவர் பங்கேற்ற இன்னோர் ஆய்வில், ஹார்மோன் ஓரளவு குறைந்த குட்டிகளின் மூளையிலேயே நரம்பணுக்கள் சில, போய்ச் சேர வேண்டிய இடம் சேராமல் வழியிலேயே தங்கித் திரள்வது தெரிந்தது. மனிதர்களிடம் இப்படித் தடம் மாறித் தங்கிய நரம்பணுத் திரள்கள் வலிப்பு நோயோடு தொடர்புடையவை. என்னை அதிகம் யோசிக்க வைத்த ஆய்வு இதுதான்.

வளர்ந்த விலங்கின் நிலை வேறு. கட்டி முடித்த மூளையில் ஹார்மோன் குறைந்தால் அமைப்பு மாறாது, வேகம்தான் மாறும். உடல் சூடு தணியும், வளர்சிதை மாற்றம் மெதுவாகும், சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம் மாற்றும் பம்புகளின் வேலை குறையும். ஹார்மோன் மிகுந்தால் எல்லாம் எதிர்த்திசையில் போகும். 1950களில் யூட்டா பல்கலைக்கழகத்தில் டிக்சன் வுட்பரியின் குழு, வளர்ந்த எலிகளுக்குத் தைராக்சின் கொடுத்தால் மின்னோட்டத்தால் வலிப்பு தொடங்கும் எல்லை தாழ்வதைக் கண்டது. வளர்ந்த விலங்கில் தைராய்டை அடக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இவ்வளவு நேரான விடை கிடையாது. எந்த வலிப்பு முறை, எந்த இனம், எத்தனை நாள் மருந்து என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

ஆய்வில் ஏமாறக்கூடிய இடங்கள்

மருந்தியல் மாணவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மருந்து கொடுத்தால் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: உடலில் ஒரு வேதிப்பொருள் சேர்கிறது, ஹார்மோன் குறைகிறது. வலிப்பில் தெரியும் மாற்றம் எதனால் வந்தது? அதைப் பிரிக்கத்தான், மருந்தை நிறுத்தாமலேயே தைராக்சினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். மாற்றம் மறைந்தால் அது ஹார்மோனின் வேலை. மறையாவிட்டால் மருந்தின் மீது சந்தேகம் விழும்.

அப்படியானால் மருந்தே வேண்டாம், சுரப்பியை அறுத்து எடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கே வேறொரு பள்ளம் இருக்கிறது. எலியில் பாராதைராய்டு சுரப்பிகள் தைராய்டோடு ஒட்டியும் புதைந்தும் இருக்கின்றன. அறுக்கும்போது அவையும் போய்விடும். அவை போனால் இரத்தத்தில் கால்சியம் குறையும். கால்சியம் குறைந்தாலே தசை இழுப்பும் வலிப்பும் வரும். இதைக் கவனிக்காத ஆய்வு, கால்சியம் செய்த வேலையைத் தைராய்டின் கணக்கில் எழுதிவிடும். மருந்து முறையை ஆய்வாளர்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னும் இருக்கிறது. தைராய்டு அடங்கிய குட்டி சரியாக வளராது. எடை குறைவாக இருக்கும். ஊட்டக் குறைவும் மூளையைப் பாதிக்கும் என்பதால், அதே எடையுள்ள, தைராய்டு நலமாக உள்ள குட்டிகளோடு ஒப்பிடுவது நல்லது. உடல் சூடு குறைந்தால் அதுவே வலிப்பைத் தணிக்கும். ஈரலின் வேகம் மாறினால், வலிப்பூட்டப் போட்ட ஊசி மருந்து இரத்தத்தில் தங்கும் நேரமும் மாறும். இவற்றையெல்லாம் எப்படிக் கையாண்டார்கள் என்று செய்முறைப் பகுதியில் தேடிப் பார்க்காமல் முடிவுரையை மட்டும் நம்பக் கூடாது. விலங்கு ஆய்வுக்கு நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. துன்பப்படும் உயிரிடமிருந்து பெறும் விடை தெளிவாக இருக்க வேண்டும் என்பதை அந்தக் குழு கேட்பதற்கு முன்பே ஆய்வு செய்பவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் வீட்டுக்கு இதில் என்ன?

வளர்ந்த மனிதர் ஒருவர் மருத்துவர் சொன்ன அளவில் கார்பிமசோல் சாப்பிடுவதை, பேறுகால எலி ஆய்வோடு சேர்த்துப் பார்ப்பதற்கு இடமில்லை. வயதும் வேறு, கேள்வியும் வேறு. அவருக்கு உண்மையான ஆபத்து மாத்திரையைத் திடீரென நிறுத்துவதில் இருக்கிறது. கட்டுப்படாமல் பெருகும் தைராய்டு ஹார்மோன் இதயத்தைப் படபடக்க வைக்கும். அரிதாக வலிப்பையும் கொண்டுவரும். கார்பிமசோலுக்கு வேறொரு அபாயம் உண்டு. அதைத்தான் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். சிலருக்கு அது இரத்த வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். மாத்திரை எடுக்கும் காலத்தில் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால், வழக்கமான சளி என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் போய் இரத்த வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவர்கள் தைராய்டு பரிசோதனை செய்யும்போது, என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஃபெனிடாயினும் கார்பமசெபினும் இரத்தத்தில் டி4 அளவைக் குறைத்துக் காட்டும். வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடி ஓடுவதை இன்னும் பார்க்கிறேன். கையில் இரும்பு வைப்பதால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், நேரத்தைக் கவனியுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள்.

எலி ஆய்வுகள் உண்மையில் நம்மைத் தொடும் இடம் கர்ப்பமும் பிறப்பும்தான். கருவுக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாத முதல் மாதங்களில், அது தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. தாய்க்கு அயோடின் வேண்டும். தூத்துக்குடி உப்பளங்கள் பக்கத்திலேயே இருப்பதால் கல்லுப்பு நமக்கு எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் உப்பளத்து உப்பில் இயல்பாக இருக்கும் அயோடின் போதாது; அயோடின் சேர்த்த பொட்டல உப்பே வேண்டும். மரச்சீனிக் கிழங்கை அன்றாட உணவாகக் கொள்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் கிழங்கிலிருந்து உடலில் உண்டாகும் தயோசயனேட், சுரப்பி அயோடினைப் பிடிப்பதற்குப் போட்டியாக வருகிறது. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துத் தைராய்டைப் பார்க்கிறார்கள். சுரப்பி இல்லை என்றோ மந்தம் என்றோ தெரிந்து, முதல் இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் தொடங்கிவிட்டால் குழந்தையின் மூளை இயல்பாக வளர வாய்ப்பு மிக நன்று. குதிகால் குத்தும்போது குழந்தை அழுவதைப் பார்த்துத் தடுக்கும் பாட்டிமார்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

தைராய்டை அடக்கும் மாத்திரை சாப்பிடும் பெண் கருத்தரிக்க எண்ணினால், அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த மருந்துகள் நஞ்சுக்கொடியைக் கடக்கும். முதல் மூன்று மாதத்துக்குப் பொதுவாகப் புரோப்பைல்தயோயூராசிலைத் தேர்ந்தெடுப்பார்கள், ஏனென்றால் கார்பிமசோல் அந்த வாரங்களில் கருவின் உறுப்பு அமைப்பில் குறைகளை உண்டாக்கக்கூடும். அளவையும், தாயின் நோய் அடங்குவதற்குப் போதுமான மிகக் குறைந்த அளவாக வைப்பார்கள். மாதவிடாய் தள்ளிப்போன பிறகு யோசிப்பதைவிட, திட்டமிடும்போதே சீட்டை எடுத்துக்கொண்டு போனால் மருந்தை மாற்றவும் இரத்தத்தைப் பார்த்து அளவைத் திருத்தவும் நேரம் கிடைக்கும்.